ஹைட்ராய்டுகளின் பெயர் ஏன் மாறுகிறது? அறிக்கையில் எந்தப் பெயரை எழுதுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பழைய அடையாளக் கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு ஐந்து கடல் ஹைட்ராய்டுகளுக்கு (ஜெல்லிமீன்களின் உறவான, செடிபோல் ஒட்டி வளரும் சிறு விலங்குகள்) பெயர் கண்டிருக்கிறீர்கள். கேம்பானுலேரியா ஜான்ஸ்டோனி, டியூபுலேரியா குரோசியா, போடோகோரைனே கார்னியா, ஒபீலியா ஜெனிகுலேட்டா, டரிடாப்சிஸ் நியூட்ரிகுலா. கடல் உயிரினங்களின் உலகப் பதிவேட்டில் தேடினால் முதல் மூன்றும் ஏற்கப்படாத பெயர்கள், கடைசி இரண்டும் ஏற்கப்பட்டவை என்று வருகிறது. முதல் மூன்றை மாற்றிவிட்டால் பட்டியல் சரியாகிவிடுமா, இவர்கள் ஏன் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்தப் பெயரின் இன்றைய நிலை என்ன என்பது ஒன்று. என் புட்டியில் இருக்கும் விலங்கு எது என்பது இன்னொன்று. பதிவேடு முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். உங்கள் பட்டியலில் நான் முதலில் சந்தேகப்படுவது ஏற்கப்பட்ட பெயரான நியூட்ரிகுலாவைத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்கலாம். விலங்குகளின் பெயர்களுக்கென்று சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று உண்டு. நடப்பில் இருப்பது 4-ஆம் பதிப்பு. 2000 ஜனவரி 1 முதல் செயல்படுகிறது. லின்னேயஸின் சிஸ்டமா நேச்சுரே 10-ஆம் பதிப்பு வந்த 1758-ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்கிறார்கள். ஒரே விலங்குக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் முதலில் முறையாக வெளியானதே செல்லும். மற்றது இணைப்பெயர் ஆகிவிடும். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. மூத்த பெயரை 1899-க்குப் பிறகு யாருமே செல்லுபடியாகும் பெயராகப் பயன்படுத்தாமல் இருந்து, இளைய பெயர் கடந்த 50 ஆண்டுகளில் குறைந்தது 10 ஆசிரியர்களின் 25 வெளியீடுகளில் வழங்கியிருந்தால், இளையதையே காப்பாற்றலாம். அந்த வெளியீடுகள் குறைந்தது 10 ஆண்டுக் காலத்தில் பரவியிருக்கவும் வேண்டும். புழங்கும் பெயரை யாரோ தூசி தட்டி எடுத்த பெயர் வீழ்த்திவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது.

இந்த விதிகள் பெயரைத்தான் ஆள்கின்றன. இரண்டு காலனிகள் ஒரே சிற்றினமா, ஒரு சிற்றினம் எந்தப் பேரினத்தில் அடங்கும் என்பதெல்லாம் ஆய்வாளரின் முடிவு. அந்த முடிவு மாறும்போது விதி தானாக வேலை செய்து பெயரை மாற்றுகிறது. ஆகவே பெயர் மாறியதும் யாரோ விருப்பத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் உறவு பற்றிய கருத்து மாறியதன் விளைவு அது.

1758-இல் செர்டுலேரியா என்ற ஒரே பேரினத்துக்குள் என்னென்ன கிடந்தன என்று பாருங்கள். இன்றைய ஒபீலியா ஜெனிகுலேட்டா, டைனமீனா பியூமிலா, அபைடினேரியா அபைடினா, நெமர்டீசியா ஆன்டென்னினா, அக்லாவோஃபீனியா புளூமா எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஹைட்ராய்டே அல்லாத, பாசிவிலங்கு வகையைச் சேர்ந்த புகுலா நெரிட்டினாகூட அங்கே செர்டுலேரியா நெரிட்டினாவாக இருந்தது. செடிபோல் கிளைத்து, கொம்பு போன்ற உறை கொண்டவை அனைத்தும் ஒரே கூடையில். பின்வந்தவர்கள் அந்தக் கூடையைப் பிரித்த வரலாறுதான் ஹைட்ராய்டு வகைப்பாட்டின் பெரும்பகுதி. இந்த வரலாற்றை ஆசிரியர் பெயரைச் சுற்றியுள்ள அடைப்புக்குறி காட்டிக்கொடுக்கும். ஒபீலியா ஜெனிகுலேட்டா (லின்னேயஸ், 1758) என்று இருந்தால், லின்னேயஸ் பெயரிட்டபோது அது வேறு பேரினத்தில் இருந்தது என்று பொருள். அடைப்புக்குறி இல்லாவிட்டால், முதலில் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது. மாணவர்கள் இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் ஒரு தகவலே தொலைந்துபோகிறது.

ஹைட்ராய்டுகளில் மட்டும் குழப்பம் இத்தனை அதிகமாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் வாழ்க்கைச் சுழற்சி. பாறையில் ஒட்டி வளரும் பாலிப்புக் காலனியும், அதிலிருந்து மொட்டுவிட்டுப் பிரிந்து நீந்தும், ஜெல்லிமீன் வடிவ மெடுசாவும் ஒரே விலங்கின் இரு நிலைகள். பாறையைச் சுரண்டியவர்கள் பாலிப்புக்குப் பெயர் வைத்தார்கள். வலை இழுத்தவர்கள் மெடுசாவுக்குப் பெயர் வைத்தார்கள். இருவரும் ஒரே விலங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பல இடங்களில் வெகுகாலம் கழித்தே தெரிந்தது. விதித்தொகுப்பு பாலிப்புக்கு ஒரு பெயர், மெடுசாவுக்கு ஒரு பெயர் என்று அனுமதிப்பதில்லை. எது மூத்ததோ அது இரண்டுக்கும் பொருந்தும்.

உங்கள் பட்டியலில் உள்ள இரண்டு பெயர்களே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேம்பானுலேரியா ஜான்ஸ்டோனி என்பது 1856-இல் ஆல்டர் ஒரு பாலிப்புக்கு இட்ட பெயர். அதன் மெடுசாவை 1767-லேயே லின்னேயஸ் மெடுசா ஹெமிஸ்ஃபெரிகா என்று பெயரிட்டிருந்தார். இரண்டும் ஒன்றே என்றானதும் சிற்றினப் பெயராக ஹெமிஸ்ஃபெரிகா வென்றது. பேரினத்தில் நடந்தது நேர்மாறு. மெடுசாவுக்கான ஃபியாலிடியம் 1856-ஐச் சேர்ந்தது. பாலிப்புக்கான கிளைட்டியா 1812-இல் லாமுரூ வைத்தது. ஆகவே கிளைட்டியா வென்றது. கிளைட்டியா ஹெமிஸ்ஃபெரிகா (லின்னேயஸ், 1767) என்ற இன்றைய பெயரில் முன்பாதி பாலிப்பிடமிருந்தும் பின்பாதி மெடுசாவிடமிருந்தும் வந்திருக்கிறது. இப்போது ஒபீலியா ஜெனிகுலேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒபீலியா 1810-இல் பெரோனும் லெசூயரும் ஒரு மெடுசாவுக்கு இட்ட பேரினப் பெயர். ஜெனிகுலேட்டாவோ 1758-இல் பாலிப்புக் காலனிக்கு இட்டது. அங்கே முன்பாதி மெடுசாவுடையது, பின்பாதி பாலிப்புடையது. இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே முன்னுரிமை விதி எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவாகிவிடும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஜோடி இதுதான்.

தேடும்போது லத்தீன் இலக்கணப் பாலையும் எழுத்தையும் கவனியுங்கள். பெயரடையாக வரும் சிற்றினப் பெயர் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும். ஃபியாலிடியம் அலிபால், அதனால் ஹெமிஸ்ஃபெரிகம். கிளைட்டியா பெண்பால், அதனால் ஹெமிஸ்ஃபெரிகா. கொட்டும் ஹைட்ராய்டு என்று முக்குளிப்பவர்கள் அஞ்சும் லைட்டோகார்ப்பஸ் ஃபிலிப்பைனஸ், இன்று மேக்ரோரிங்கியா ஃபிலிப்பைனா. தரவுத்தளத்தில் முழுச் சொல்லையும் இட்டுத் தேடி, கிடைக்கவில்லை என்று விட்டுவிடாமல் சொல்லின் அடிப்பகுதியை மட்டும் இட்டுத் தேட வேண்டும். உங்கள் போடோகோரைனே கார்னியாவின் பிரச்சினையும் எழுத்துதான். 1846-இல் மைக்கேல் சார்ஸ் எழுதியது போடோகோரைனா. பின்னால் வந்தவர்கள் ஈற்றை 'னே' ஆக்கிவிட்டார்கள். கருவளர்ச்சி ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அந்த வடிவமே வேரூன்றிவிட்டது. செல்லுபடியாவது மூல எழுத்து. ஆனால் பழைய கட்டுரைகளைத் திரட்ட இரண்டு வடிவங்களையும் தேடித்தான் ஆக வேண்டும்.

அதே போடோகோரைனா மறுவகைப்பாட்டுக்கும் சான்று. நீந்தும் மெடுசாவை விடுவிப்பவை போடோகோரைனா, இனப்பெருக்க மொட்டுகளைக் காலனியிலேயே வைத்துக்கொள்பவை ஹைட்ராக்டினியா என்பது பழைய பிரிவு. மெடுசா நிலையை இழப்பது ஹைட்ராய்டுகளில் பலமுறை, பல கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. அப்படியிருக்க அந்த ஒரு பண்பை மட்டும் வைத்துப் பேரினம் பிரிப்பது பலவீனமான வேலை என்று கருதி, இதை ஹைட்ராக்டினியாவுக்குள் சேர்த்தார்கள். அதனால் ஹைட்ராக்டினியா கார்னியா என்ற பெயரும் புத்தகங்களில் கிடக்கிறது. பிறகு மீண்டும் பிரித்தார்கள். போன பெயர் திரும்பி வந்துவிட்டது. டியூபுலேரியா குரோசியாவின் கதையும் இதே வகை. பிரிந்து நீந்தும் மெடுசா உள்ளவை எக்டோப்ளூரா, இல்லாதவை டியூபுலேரியா என்றிருந்த பிரிவை 1990-இல் பீட்டர்சன் மாற்றி அமைத்தார். தண்டின் உட்புறக் கால்வாய் அமைப்பு போன்ற பண்புகளை முன்னிறுத்தி, லாரின்க்ஸ், குரோசியா ஆகியவற்றை எக்டோப்ளூராவுக்கு நகர்த்தினார். ஆகவே இன்று அது எக்டோப்ளூரா குரோசியா (அகாசிஸ், 1862). அடைப்புக்குறியைப் பார்த்து மூலப் பெயர் டியூபுலேரியா என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அகாசிஸ் எழுதியது பாரிஃபா குரோசியா. அடைப்புக்குறி பேரினம் மாறியது என்று மட்டும் சொல்லும்; எதிலிருந்து என்று சொல்லாது.

குடும்ப மட்டத்தில் பெரிய கலக்கலை உண்டாக்கியவை மரபணு ஆய்வுகள். பாலிப்பைச் சுற்றியிருக்கும் உறைக் கிண்ணங்கள் தண்டோடு ஒட்டி இருவரிசையாக நின்று, வாயில் மூடி இருந்தால் செர்டுலேரிடே என்று நெடுநாள் ஒரே குடும்பமாக வைத்திருந்தோம். மூடியை உற்றுப் பார்த்தால் செர்டுலரெல்லாவில் நான்கு மடல், சிம்ப்ளெக்டோஸ்கைஃபஸில் மூன்று, டைனமீனாவில் இரண்டு. 2016-இல் வெளியான மரபணு அடிப்படையிலான வகைப்பாடு, செர்டுலரெல்லாவையும் சிம்ப்ளெக்டோஸ்கைஃபஸையும் தனித்தனிக் குடும்பங்களாக்கியது. சிற்றினப் பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, குடும்பம் மட்டும் மாறியது. கடல்பரப்பில் மிதக்கும் வெலெல்லாவும் அப்படித்தான்: ஒருகாலத்தில் மிதக்கும் காலனி விலங்குகளான சைஃபனோஃபோர்களோடு வைத்திருந்தார்கள், இன்று கிண்ணமில்லா ஹைட்ராய்டுகளோடு. குடும்பத்துக்கு மேலுள்ள வரிசை (ஆர்டர்) என்ற மட்டத்தின் பெயர்கள் விதித்தொகுப்பின் முன்னுரிமைக்கு உட்பட்டவையே அல்ல. அதனால்தான் ஒரே குழுவைப் பழைய நூல்கள் ஜிம்னோபிளாஸ்டியா, அதீக்கேட்டா, ஆந்தோமெடுசே என்று வெவ்வேறாகச் சொல்ல, இன்றைய நூல்கள் ஆந்தோஅதீக்கேட்டா என்கின்றன. அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. எந்த வகைப்பாட்டைப் பின்பற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்போது நியூட்ரிகுலா. மெடுசா நிலையிலிருந்து மறுபடி பாலிப்பாக மாறக்கூடியது என்பதால் 'சாகாத ஜெல்லி' என்று புகழ்பெற்ற விலங்கு இது. அந்த மாற்றத்தை விவரித்த 1990-களின் ஆய்வுகள் மத்தியதரைக் கடல் விலங்குகளை வைத்து நடந்தவை. கட்டுரைகளில் எழுதிய பெயர் டரிடாப்சிஸ் நியூட்ரிகுலா. ஆனால் நியூட்ரிகுலா என்பது 1857-இல் மக்கிரேடி அமெரிக்காவின் சார்லஸ்டன் துறைமுக விலங்குக்கு இட்ட பெயர். மத்தியதரைக் கடல் விலங்குக்கு 1883-லேயே வைஸ்மான் டென்ட்ரோகிளாவா டோர்னி என்று பெயரிட்டிருந்தார். நடுவில் வந்தவர்கள் எல்லாவற்றையும் நியூட்ரிகுலா என்ற ஒற்றைப் பெயரில் சேர்த்துவிட்டார்கள். 2000-களில் உருவமைப்பு ஆய்வும் மரபணு ஆய்வும் அவை வெவ்வேறு சிற்றினங்கள் என்று காட்டின. சாகாத ஜெல்லிக்கு டரிடாப்சிஸ் டோர்னி என்ற பெயர் திரும்பியது. ஆகவே பழைய கட்டுரைகளில் பல, செல்லுபடியாகும் ஒரு பெயரைத் தவறான விலங்குக்கு இட்டவை. நியூட்ரிகுலா செல்லுபடியாகும் பெயர்தான், வேறொரு விலங்குக்கு. பதிவேடு 'ஏற்கப்பட்டது' என்று சொன்னது உண்மை. ஆனால் உங்கள் கையேடு நியூட்ரிகுலா என்று எதைச் சொன்னது என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. இணைப்பெயர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். தவறாக வழங்கிய பெயரை அப்படி மாற்ற முடியாது. மாதிரியைத் திரும்பப் பார்க்க வேண்டும். கையேடு இந்தப் பிரிப்புக்கு முந்தையது என்றால், அந்த அடையாளம் பேரினம் வரைதான் நம்பத் தகுந்தது. உணர்கொம்புகளை எண்ணித் தீர்த்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். டோர்னியே பனாமாவில் எட்டு உணர்கொம்புகளோடும் குளிர்ந்த கடல்களில் அதைவிட மிகுதியான உணர்கொம்புகளோடும் இருப்பது மரபணு ஒப்பீட்டில் தெரிந்தது. எந்தக் கடலில் சேகரித்தது என்பதை வைத்தும் முடிவுகட்ட முடியாது. கப்பல்கள் வழியாக அது பல கடல்களுக்குப் பரவியிருப்பதாகவே கருதுகிறார்கள்.

ஒபீலியா ஜெனிகுலேட்டாவின் சிக்கல் வேறு. பெயரில் குழப்பமில்லை, சிற்றின எல்லையில்தான் ஐயம். 1975-இல் கார்னீலியஸ் ஒபீலியாவில் குவிந்திருந்த ஏராளமான பெயர்களை மூன்றே சிற்றினங்களாகச் சுருக்கினார்: பைடென்டேட்டா, டைகாட்டமா, ஜெனிகுலேட்டா. பின்னர் லாங்கிசிமாவையும் தனியாக ஏற்றுக்கொண்டார். நுண்ணோக்கியில் இவற்றைப் பிரிப்பது இப்படி: ஜெனிகுலேட்டாவில் ஒவ்வொரு கிண்ணக் காம்பும் தொடங்கும் இடத்துக்குக் கீழே தண்டின் உறை ஒரு பக்கம் தடித்து, முழங்கால்போல் மடங்கி நிற்கும், ஜெனிகுலேட்டா என்ற சொல்லே முழங்காலைக் குறிப்பதுதான். பைடென்டேட்டாவில் கிண்ண விளிம்பின் பற்கள் இரட்டை முனை கொண்டவை. லாங்கிசிமாவில் முதிர்ந்த மையத்தண்டு கரும்பழுப்பாகும், விளிம்பு மெல்ல அலையலையாக இருக்கும். விளிம்பு மிக மெல்லியது. தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் டைகாட்டமா என்று தவறாகப் போய்விடும், அதனால் நுனிக் கிளைகளின் இளம் கிண்ணங்களைத்தான் பார்க்க வேண்டும். ஜெனிகுலேட்டாவின் தடித்த உறையை உறுதியாகப் பார்த்திருந்தால் அந்தப் பெயரை எழுதலாம். ஆனால் உலகெங்கும் இருப்பதாகச் சொல்லும் இத்தகைய சிற்றினங்களில், தொலைவான கடல்களின் காலனிகளுக்கிடையே பெரிய மரபணு இடைவெளி தென்படுகிறது. நாளை இவை பிரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒபீலியா மெடுசா மட்டும் வலையில் கிடைத்திருந்தால் பேரினத்தோடு நிறுத்திவிடுங்கள். மெடுசாவை வைத்துச் சிற்றினம் சொல்ல நம்பகமான வழியில்லை.

இனிச் சேகரிக்கும்போது ஒவ்வொரு காலனியையும் இரண்டாகப் பிரித்து வைத்தால் இந்த ஐயங்களில் பாதி தீரும். லிட்டர் நன்னீரில் 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் கரைத்து, சம அளவு கடல்நீரில் கலந்து, காலனியை அதில் கிடத்துங்கள். ஊசியால் தொட்டாலும் உணர்கொம்பு சுருங்காத நிலை வரும்வரை காத்திருங்கள். இதைத் தவிர்த்தால் பாலிப்பு உருண்டையாகச் சுருண்டுவிடும். கிண்ணமில்லா ஹைட்ராய்டுகளில் அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் மிஞ்சாது. கிண்ணமுள்ளவை அந்த அளவுக்குக் கெடுவதில்லை, கைட்டின் உறை நிலைத்து நிற்கும். ஒரு பாதியை 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் வையுங்கள்: கடையில் கிடைக்கும் அடர் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. மற்றப் பாதியை 95 சதவீத எத்தனாலில் போட்டு, ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்றுங்கள். திசுவில் இருந்த நீர் அதை நீர்க்கச் செய்திருக்கும். ஃபார்மலினில் கிடந்ததிலிருந்து நல்ல மரபணு வரிசை எடுப்பது கடினம். எத்தனாலில் கிடந்தது சுருங்கி உருவம் கெடும். இரண்டு பாதிகளுக்கும் ஒரே எண் இடுங்கள். ஹைட்ராய்டுகளில் ஒப்பீட்டுக்கு அதிகம் வரிசைகள் கிடைப்பது மைட்டோகாண்ட்ரியாவின் 16எஸ் மரபணுத் துண்டுக்குத்தான். ஆனால் இத்தனை சதவீதம் வேறுபட்டால் வேறு சிற்றினம் என்ற பொதுக்கோடு எதுவும் இல்லை. தரவுத்தளத்தில் கிடைக்கும் வரிசையின் பெயரும் யாரோ ஒருவர் நுண்ணோக்கி வழியே பார்த்து இட்டதுதான். அதுவும் தவறாக இருக்கலாம். மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று குறிப்பிட்ட வரிசைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். இனப்பெருக்கக் கூடுகள் இல்லாத காலனி கிடைத்தால், பல குழுக்களில் பேரினம்கூட உறுதியாகாது. கூடு உள்ள துண்டையும் தேடி எடுங்கள்.

அறிக்கையில் நீங்கள் இப்படி எழுதலாம். கிளைட்டியா ஹெமிஸ்ஃபெரிகா (லின்னேயஸ், 1767), கையேட்டில் கேம்பானுலேரியா ஜான்ஸ்டோனி. எக்டோப்ளூரா குரோசியா (அகாசிஸ், 1862), கையேட்டில் டியூபுலேரியா குரோசியா. போடோகோரைனா கார்னியா எம். சார்ஸ், 1846, இதற்கு அடைப்புக்குறி கிடையாது. ஒபீலியா ஜெனிகுலேட்டா (லின்னேயஸ், 1758), எந்தப் பண்பைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்ற குறிப்போடு. கையேட்டின் பெயரை எங்கும் அழிக்காதீர்கள். நாளை பேரினம் மீண்டும் மாறினால் உங்கள் பதிவைப் பின்தொடர வருபவருக்கு அதுவே நூல்முனை. பயன்படுத்திய கையேட்டின் ஆண்டையும், பதிவேட்டைப் பார்த்த தேதியையும், அங்கே ஒவ்வொரு பெயருக்கும் தரும் எண்ணையும் பக்கத்தில் சேருங்கள்; பதிவேடு திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பது. ஐந்தாவதை டரிடாப்சிஸ், சிற்றினம் உறுதியில்லை என்று எழுதி, மாதிரியின் ஒரு துண்டை எத்தனாலில் வைத்திருந்தால் 16எஸ் பார்க்க அனுப்புங்கள். ஃபார்மலினில் மட்டுமே இருந்தால், பட்டியலில் அது பேரினமாகவே இருக்கட்டும்.